தூரிகை யாருக்குச் சொந்தம்?

2025 ஜனவரி முதல் வாரத்தில், அமெரிக்கத் தலைநகரிலிருந்து வெளிவரும் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையை விட்டு ஆன் டெல்னேஸ் என்ற பெண் கார்ட்டூனிஸ்ட் விலகினார். 2008 முதல் அந்தப் பத்திரிகைக்கு வரைந்து வந்தவர் அவர். அமெரிக்காவின் பெருங்கோடீசுவரர்கள் பணமூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, மீண்டும் ஜனாதிபதியாகப் பதவியேற்க இருந்த டிரம்ப்பின் சிலைக்கு முன் மண்டியிட்டுக் கிடப்பதாக அவர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். அப்படி மண்டியிட்டவர்களில் ஒருவர் ஜெப் பெஸோஸ். 'அமேசான்' என்ற வியாபார சாம்ராஜ்யத்தை நிறுவியவர். அதே 'வாஷிங்டன் போஸ்ட்'டின் சொந்தக்காரர்! படம் அச்சேறவில்லை. கார்ட்டூனிஸ்ட் ராஜினாமாச் செய்தார்.

இதே விஷயம் பற்றி ஒரு கட்டுரை அப்போதுதான் வெளியாகியிருந்தது, இன்னொன்று வெளிவர இருந்தது, சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டாம் என்றுதான் படத்தை நிறுத்தினோம் என்று பத்திரிகையின் அபிப்பிராயப் பகுதி ஆசிரியர் விளக்கம் கொடுத்தார். படத்தில் உள்ள கருத்துக்காகத் தம்முடைய படம் நிறுத்தப்பட்டது இதுவே முதல் தடவை என்று டெல்னேஸ் சொன்னார். இரு தரப்பையும் வாசகர் முன் வைத்துவிட்டோம். நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: ஒரே அரசியல் விஷயத்தைப் பற்றி நாலு கட்டுரையும் நாலு படமும் போடாத தினப்பத்திரிகை உலகத்தில் எங்காவது உண்டா?

இந்த விவகாரம் நடந்த இடம்தான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. இதே பத்திரிகையில், 1946 முதல் 2001 வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மனிதர் உட்கார்ந்து கேலிச்சித்திரம் வரைந்தார். ஜனாதிபதிகளை வரைந்தார். ஸெனட்டர்களை வரைந்தார். தம் பத்திரிகை எந்த வேட்பாளரை ஆதரித்துத் தலையங்கம் தீட்டியதோ, அதே வேட்பாளரைக் கேலி செய்து தலையங்கப் பக்கத்துக்குப் படம் எழுதினார். அவர் பெயர் ஹெர்பர்ட் பிளாக். உலகம் அவரை அறிந்த பெயர் ஹெர்ப்ளாக்.

அவருக்கு அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது? அது எப்படிப் போயிற்று? பத்திரிகைச் சுதந்திரம் பற்றி அக்கறையுள்ள ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

மயிரிழையில் தப்பிய வேலை

ஹெர்பர்ட் பிளாக் 1909 அக்டோபர் 13-ல் சிகாகோ நகரில் பிறந்தார். பெயரின் இரண்டு பகுதிகளையும் ஒன்றாக ஒட்டி 'ஹெர்ப்ளாக்' என்று கையெழுத்திட்டார். 1929-ல் 'சிகாகோ டெய்லி நியூஸ்' பத்திரிகையில் வரையத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கான தொழிலாளிகள் தெருவில் நின்றனர். ரொட்டிக்கு வரிசை நின்ற அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டேதான் அவருடைய கை பழகியது.

1933-ல் கிளீவ்லாந்து நகரிலிருந்த ஒரு படச் சேவை நிறுவனத்தில் சேர்ந்தார். பல ஊர்ப் பத்திரிகைகளுக்குச் செய்தியும் படமும் சப்ளை செய்யும் நிறுவனம் அது. ஐரோப்பாவில் ஹிட்லரும் முஸோலினியும் கொட்டமடித்த காலம். அமெரிக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கியிருக்க முடியாது என்று ஹெர்ப்ளாக் படத்துக்குப் படம் வற்புறுத்தினார். நிறுவனத்தின் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. 1942-ல் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்தார். வேலை போய்விடும் என்ற நிலைமை. அந்தச் சமயம் பார்த்து, அந்த ஆண்டின் புலிட்சர் பரிசு ஹெர்ப்ளாக்குக்கு என்று அறிவிப்பு வந்தது! நாஜிகளின் பிடியிலிருந்த பாரிஸில் ஒரு ஜெர்மன் சிப்பாய், வானத்தில் கேட்கும் பிரிட்டிஷ் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் படத்துக்காகக் கிடைத்த பரிசு. நாடே பாராட்டும் கலைஞனை எந்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புவது? வேலை தப்பியது.

இந்த ஒரு சம்பவம் அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் ஒரு திறவுகோல் என்றே சொல்லலாம். முதலாளியின் கையைக் கட்டியது முதலாளியின் மனச்சாட்சியன்று. வெளியே இருந்து வந்த பலம். அந்தப் பலம் ஒரு நாள் தாமதித்து வந்திருந்தால் கதையே வேறு.

போரின்போது ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, 1946 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் சேர்ந்தார். அப்போது அது இன்றுள்ளது போன்ற பிரம்மாண்டமான ஸ்தாபனம் அன்று. யூஜீன் மேயர் என்ற வால் தெருப் பணக்காரர் 1933-ல் திவால் ஏலத்தில் 8,25,000 டாலருக்கு எடுத்த பத்திரிகை. தலைநகரில் மற்றப் பத்திரிகைகளோடு போட்டி போட்டுத் தலைதூக்க வேண்டியிருந்த பத்திரிகை. அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகங்களில் ஒன்று ஹெர்ப்ளாக்கின் கேலிச்சித்திரம்.

வேட்டை நாட்கள்

அவர் போய்ச் சேர்ந்த காலம் எப்படிப்பட்டது? போர் முடிந்த சூடு ஆறுமுன்பே அமெரிக்க ஆளும் வர்க்கம் தன் சொந்த மக்கள் மீதே வேட்டையைத் தொடங்கிய காலம். 1947 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரூமன் சர்க்கார் ஊழியர்களின் 'விசுவாசத்தை'ப் பரிசோதிக்க உத்தரவு போட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோத நடவடிக்கை'க் கமிட்டி ஹாலிவுட் கலைஞர்களைக் கூண்டில் ஏற்றியது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் பின்னர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் பதினோரு தலைவர்களுக்குக் கருத்துக்காகவே தண்டனை விதிக்கப்பட்டது. 1950-ல் நீக்ரோ மக்களின் மகத்தான பாடகர் பால் ராப்ஸனின் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் அவர் கடல் கடக்க முடியவில்லை. ஆசிரியர்கள், தபால்காரர்கள், தொழிற்சங்க ஊழியர்கள், நூலக அலுவலர்கள் என்று பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் பிழைப்பை இழந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும்!

பெரும்பாலான முதலாளித்துவப் பத்திரிகைகள் இந்த வேட்டைக்குத் தாரை ஊதின. சில வாயை மூடிக்கொண்டன. ஹெர்ப்ளாக் என்ன செய்தார்?

1947 அக்டோபர் 31-ந் தேதி வந்த படத்தைப் பாருங்கள். கமிட்டியின் மோட்டார் கார் தெருவில் தறிகெட்டு ஓடுகிறது. வழியில் போகும் ஜனங்களை இடித்துத் தள்ளுகிறது. ஒன்றும் பயமில்லை, கம்யூனிஸ்டுகளைத்தான் வேட்டையாடுகிறோம் என்று காரிலிருப்பவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். வேட்டை யார் பெயரால் நடக்கிறது, அடிபடுவது யார் என்பதை நூறு தலையங்கம் சொல்வதைவிட அந்தப் படம் தெளிவாகச் சொல்லிற்று.

1949 ஜூன் 17-ல் மற்றொரு படம். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவியின் சிலை. அவள் கையிலே தீவர்த்தி. 'வெறி' என்று எழுதப்பட்ட ஒரு மனிதன் வாளித் தண்ணீரோடு ஏணியில் அலறிக்கொண்டு ஏறுகிறான். தீ, தீ என்று கூச்சல்! அவன் அணைக்கப் போவது வீடு எரியும் நெருப்பையா? சுதந்திரத்தின் விளக்கையல்லவா!

1950 பிப்ரவரி 9-ல் ஜோசப் மக்கார்த்தி என்ற ஸெனட்டர் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டத்தில், வெளிநாட்டு இலாகாவில் கம்யூனிஸ்டுகள் நிறைந்திருக்கிறார்கள், ஜாபிதா என் கையில் இருக்கிறது என்று முழங்கினார். அந்த ஜாபிதாவை அவர் ஒருபோதும் நிரூபிக்கவில்லை. ஏழே வாரம் கழித்து, மார்ச் 29-ல், ஹெர்ப்ளாக்கின் படம் வந்தது. தார் வாளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சரிந்து விழுவது போல் ஆடும் ஒரு கோபுரம். உச்சியில் ஒரு தார்ப் பீப்பாய். ரிபப்ளிகன் கட்சியின் சின்னமான யானையை அக்கட்சித் தலைவர்களே அதை நோக்கிப் பிடித்துத் தள்ளுகிறார்கள். இதன் மேலா நான் நிற்க வேண்டும் என்று யானை மிரண்டு கேட்கிறது. அந்தப் பீப்பாயின் மேல் ஒரு புதுச் சொல்லை ஹெர்ப்ளாக் எழுதினார்: 'மக்கார்த்தியிசம்'.

நம் ஊரில் ஒருவன் முகத்தில் கரி பூசுவது போல, அமெரிக்காவில் தார் பூசுவது என்பது அவதூறுக்கு அடையாளம். அந்தத் தார்ப் பீப்பாயில் எழுதிய சொல் அகராதி ஏறிற்று. ஆதாரமில்லாமல் பழி சுமத்தி, பயத்தைக் கிளப்பி, எதிர்த்துப் பேசுகிறவனின் பிழைப்பைப் பறிக்கும் அரசியலுக்கு உலக மொழிகளிலெல்லாம் இன்று அதுவே பெயர். கடைசியில் மக்கார்த்தியே அந்தச் சொல்லைத் தம்முடைய புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்துப் பெருமையடித்துக்கொள்ளப் பார்த்தார். பலிக்கவில்லை. 1954 டிசம்பர் 2-ல் ஸெனட் சபை 67-க்கு 22 என்ற வாக்குகளில் அவரைக் கண்டித்தது. 1957-ல் அவர் இறந்தார். சொல் இருக்கிறது.

நம்மவர் அல்லர்

ஹெர்ப்ளாக்கை நாம் நம்முடைய ஆளாகக் காட்ட விரும்பவில்லை. அவர் கம்யூனிஸ்ட் அல்லர். சோவியத் சர்க்காரையும் அதன் தலைவர்களையும் அவர் கடுமையாகத் தாக்கிப் பல படங்கள் வரைந்தார். 1954-ல் அவருக்கு இரண்டாவது புலிட்சர் பரிசு கிடைத்தது எந்தப் படத்துக்குத் தெரியுமா? 1953-ல் ஸ்டாலின் மறைந்தபோது வரைந்த படம். எமன் ஸ்டாலினை அழைத்துப் போக வருகிறான். நீ எப்போதும் எனக்கு நல்ல சிநேகிதனாக இருந்தாய் என்கிறான். இதுதான் படம். இதை வாசகரிடம் மறைத்து அவரைப் புகழ்வது நாணயமான காரியமாகாது.

அப்படியானால் அவரைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கம்யூனிஸத்தை ஏற்காத ஒருவர், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுகிறோம் என்ற கூச்சலுக்கு மயங்காமல், அந்த வேட்டை ஜனநாயகத்தையே குதறும் என்று ஆரம்பத்திலேயே கண்டு, தம் வேலைக்கு ஆபத்து வருமே என்று பின்வாங்காமல் வரைந்தார். சிநேகிதனுக்காகக் குரல் கொடுப்பது எளிது. தன்னோடு ஒத்துப்போகாதவனின் உரிமைக்காகக் குரல் கொடுப்பதுதான் ஜனநாயகவாதிக்குச் சோதனை. ஹெர்ப்ளாக் அந்தச் சோதனையில் தேறினார். அவருடைய நாட்டில் மிகப் பெரிய அறிஞர்கள் பலர் தேறவில்லை.

1952-ல் நடந்தது

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். முதலாளியின் பத்திரிகையில் அவருக்கு இவ்வளவு சுதந்திரம் எப்படிக் கிடைத்தது? பெருந்தன்மையான முதலாளி தந்த வரம் என்று பலர் எழுதுகிறார்கள். 1952-ம் ஆண்டின் சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல். 'வாஷிங்டன் போஸ்ட்' ஜெனரல் ஐசன்ஹோவரை ஆதரித்தது. ஹெர்ப்ளாக்கோ அட்லாய் ஸ்டீவன்ஸனின் பக்கம். மக்கார்த்தியைத் தட்டிக் கேட்கத் துணியாத ஐசன்ஹோவரை அவர் தொடர்ந்து கேலி செய்தார். தலையங்கம் ஒரு பக்கம் இழுக்கிறது, அதற்கு அருகிலேயே படம் மறுபக்கம் இழுக்கிறது! தேர்தல் நெருங்கிய கடைசி நாட்களில் பத்திரிகை பொறுமை இழந்தது. ஹெர்ப்ளாக்கின் படங்களை நிறுத்திவிட்டது.

ஆனால் ஒன்றை நிர்வாகம் மறந்துவிட்டது. ஹெர்ப்ளாக்கின் படங்கள் நாடெங்கும் பல பத்திரிகைகளுக்கு விநியோகமாகி வந்தன. வாஷிங்டனில் மறைக்கப்பட்ட படங்கள் மற்ற ஊர்களில் தாராளமாக வெளிவந்தன. போட்டிப் பத்திரிகை எள்ளி நகையாடிற்று. வாசகர்கள் கேள்வி கேட்டார்கள். பத்திரிகையின் மானம் கப்பலேறியது. ஹெர்ப்ளாக்கின் படங்கள் மீண்டும் வந்தன. அதன் பிறகு அவருடைய படத்தில் நிர்வாகம் கை வைக்கவில்லை. 1954 மார்ச்சில், மக்கார்த்தி ரத்தம் சொட்டும் வெட்டுக்கத்தியுடன் நிற்க, ஜனாதிபதி ஐசன்ஹோவர் உறையிலிருந்து வாளுக்குப் பதில் ஓர் இறகை உருவுவதாக அவர் வரைந்தார். அதே ஐசன்ஹோவரை ஆதரித்த அதே பத்திரிகைதான் அதை வெளியிட்டது.

கவனியுங்கள். அந்தச் சுதந்திரம் தானம் பெற்றதன்று, தகராறில் வென்றது. அதைத் தாங்கிய தூண்கள் மூன்று. ஒன்று, வளைந்து கொடுக்காத கலைஞன். இரண்டு, ஒரே முதலாளியை நம்பியிராதபடி பல பத்திரிகைகளில் அவனுக்கு இருந்த இடம். மூன்று, படம் எங்கே என்று கேட்ட வாசகர் கூட்டம். இந்த மூன்றும் இருந்தவரை சுதந்திரம் இருந்தது.

அவர் வேலை செய்த முறையும் இதற்கு ஒத்ததாகவே இருந்தது. அன்றைய விஷயத்துக்கு நாலைந்து பென்சில் நகல்களைப் போட்டு எடுத்துக்கொண்டு, செய்தி அறையில் நிருபர்களின் மேஜைகளுக்குப் போவார். விவரம் சரியா, பார்த்தவுடன் புரிகிறதா என்று கேட்பார். நிர்வாகத்தின் அனுமதிக்காகச் சுற்றிய சுற்றன்று அது. உண்மையில் பிசகு வரக்கூடாது, எளிய வாசகனுக்குப் புரியாமல் போகக்கூடாது என்ற கவலை. கேலிச்சித்திரக்காரன் வாய்க்கு வந்ததை வரைகிறவன் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தி பொய்யானால் கேலி வெறும் வசவாகிவிடும்.

சாக்கடை மூடியும் சவரக்கத்தியும்

ரிச்சர்டு நிக்சன் என்ற பெயரைச் சொன்னாலே அந்தத் தலைமுறை அமெரிக்கர்களுக்கு ஹெர்ப்ளாக்கின் படம் நினைவுக்கு வரும். மழிக்காத தாடி, கள்ளப் பார்வை. 1954 அக்டோபரில், உதவி ஜனாதிபதியாக இருந்த நிக்சன் ஊர் ஊராகப் போய் எதிர்க்கட்சிக்காரர்கள் மீது கம்யூனிஸ்ட் முத்திரை குத்திப் பிரசாரம் செய்தார். வரவேற்புக் கமிட்டி மாலை மரியாதையுடன் காத்திருக்க, நிக்சன் தெருச் சாக்கடை மூடியைத் திறந்துகொண்டு வெளியே வருவதாக ஹெர்ப்ளாக் வரைந்தார். தம் பெண் குழந்தைகள் பார்க்கக்கூடாது என்று நிக்சன் வீட்டில் அந்தப் பத்திரிகையையே நிறுத்திவிட்டார் என்பார்கள். 1968-ல் நிக்சன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஹெர்ப்ளாக் ஒரு நாவிதர் கடையை வரைந்தார். புது ஜனாதிபதி யாரானாலும் ஒரு தடவை இலவசச் சவரம் உண்டு என்று அங்கே போர்டு தொங்கியது. ஒரு சவரம்தான், மறு சவரம் இல்லை!

1972 ஜூன் 17-ல் வாட்டர்கேட் கட்டிடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். ஏதோ சில்லறைத் திருட்டு என்று வெள்ளை மாளிகை ஒதுக்கித் தள்ளியது. சில நாட்களுக்குள்ளேயே, காலடித் தடங்களெல்லாம் வெள்ளை மாளிகையின் வாசலுக்கே போவதாக ஹெர்ப்ளாக் வரைந்துவிட்டார். சாட்சியமும் ஒலிநாடாவும் அதை நிரூபிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 1974 ஆகஸ்டு 9-ல் நிக்சன் பதவியை விட்டு இறங்கினார். நிருபர்களின் உழைப்பால்தான் அந்த உண்மை வெளிவந்தது; அதில் சந்தேகமில்லை. ஆனால் உண்மை எந்தத் திசையில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டிய முதல் சிலரில் அந்தக் கிழவரும் ஒருவர்.

1979-ல் மூன்றாவது புலிட்சர் பரிசு பெற்றார். ஹூவர் காலத்தில் தொடங்கி இளைய புஷ் வரை பதின்மூன்று ஜனாதிபதிகளை வரைந்தார். 2001 ஆகஸ்டில் அவருடைய கடைசிப் படம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 7-ல், தொண்ணூற்றிரண்டு வயது நிறைய ஆறு நாள் இருக்கும்போது காலமானார்.

சொத்தும் வாரிசும்

எளிமையாக வாழ்ந்த அந்த மனிதர் சுமார் 5 கோடி டாலர் விட்டுச் சென்றார் என்று கேட்டு நாடே வியந்தது. பெரும்பகுதி 'வாஷிங்டன் போஸ்ட்' கம்பெனியில் அவர் வைத்திருந்த பங்குகளின் மதிப்பு. அந்தப் பணத்தில் அவர் பெயரால் ஒரு அறக்கட்டளை நிறுவப்பட்டது. 14,000-க்கு மேற்பட்ட அவருடைய மூலப் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. படங்கள் பத்திரமாக இருக்கின்றன. பணமும் பத்திரமாக இருக்கிறது. அவர் காத்து நின்ற நாற்காலி என்னவாயிற்று?

அந்த அறக்கட்டளையே 2011-ல் வெளியிட்ட அறிக்கை பதில் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வேலை பார்த்த அரசியல் கார்ட்டூனிஸ்டுகள் சுமார் 2,000 பேர். அறிக்கை வெளிவந்தபோது சம்பளத்துக்கு இருந்தவர்கள் நாற்பதுக்கும் குறைவு!

அதன் பிறகும் கத்தி ஓயவில்லை. 2018-ல் பிட்ஸ்பர்க் நகரப் பத்திரிகை, டிரம்ப்பை விமர்சித்து வரைந்த ராப் ரோஜர்ஸை இருபத்தைந்து ஆண்டு வேலைக்குப் பிறகு வெளியே அனுப்பியது. 2019-ல் 'நியூயார்க் டைம்ஸ்' தன் சர்வதேசப் பதிப்பில் ஒரு படம் யூத துவேஷம் கொண்டது என்று கண்டனம் எழுந்ததும், அந்த ஒரு படத்தைத் திருத்துவதோடு நிற்காமல், அரசியல் கேலிச்சித்திரத்தையே அந்தப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. தலைவலிக்குத் தலையை வெட்டுவது என்பது இதுதான். 2023 ஜூலையில் மக்ளாட்சி என்ற பத்திரிகைக் கம்பெனி புலிட்சர் பரிசு பெற்ற மூன்று கார்ட்டூனிஸ்டுகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் கம்பெனி அப்போது ஒரு முதலீட்டு நிதி நிறுவனத்தின் கையில் இருந்தது. லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறவனுக்குக் கேலிச்சித்திரம் வெறும் செலவினம்.

'வாஷிங்டன் போஸ்ட்' கதை இன்னும் தெளிவானது. 2013-ல் பெஸோஸ் அதை 25 கோடி டாலருக்கு வாங்கினார். பழைய சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை ஒரு முக்கியத் தொழில். அதன் மானம் போனால் அவர்களுடைய தொழிலும் அடிபடும். புதிய சொந்தக்காரருக்குப் பத்திரிகை ஒரு மூலைச் சொத்து. அவருடைய பெரிய வியாபாரங்கள் சர்க்கார் காண்டிராக்டிலும் சர்க்கார் தயவிலும் சம்பந்தப்பட்டவை. 2024 அக்டோபரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, டிரம்ப்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸுக்கு ஆதரவாகத் தயாராயிருந்த தலையங்கம் நிறுத்தப்பட்டது. சுமார் இரண்டரை லட்சம் வாசகர்கள் சந்தாவை ரத்துச் செய்தார்கள் என்று செய்தி வந்தது. டிசம்பரில் டிரம்ப்பின் பதவியேற்பு விழா நிதிக்கு 'அமேசான்' 10 லட்சம் டாலர் கொடுப்பதாக அறிவித்தது. ஜனவரியில் டெல்னேஸின் படம் நிறுத்தப்பட்டது. பிப்ரவரியில், இனி அபிப்பிராயப் பக்கங்கள் தனிமனித உரிமைக்கும் தடையற்ற சந்தைக்கும் ஆதரவாக எழுதும், மாற்றுக் கருத்தை மற்றவர்கள் வெளியிட்டுக்கொள்ளட்டும் என்று பெஸோஸ் பகிரங்கமாகவே சொன்னார். டெல்னேஸின் படத்தை நிறுத்தியதற்கு விளக்கம் சொன்ன அதே ஆசிரியரும் அப்போது வெளியேறினார்.

பணமூட்டையுடன் மண்டியிடும் படம் வேண்டாமாம். பணமூட்டை மட்டும் போகலாமாம்! நிறுத்தப்பட்ட படத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேறென்ன வேண்டும்?

2025 மே மாதம் டெல்னேஸுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1942-ல் புலிட்சர் பரிசு ஒரு கார்ட்டூனிஸ்டின் வேலையைக் காப்பாற்றியது. 2025-ல் அது வேலையை உதறிவிட்டு வந்தவரை வெளியே தேடிப்போய்த்தான் கௌரவிக்க வேண்டியிருந்தது. எண்பத்து மூன்று ஆண்டுகளில் முதலாளித்துவப் பத்திரிகை வந்து சேர்ந்த இடம் இது.

நாம் கற்க வேண்டியது

பத்திரிகை அவர் சொத்து, பிடிக்காததைப் போடாமலிருக்க அவருக்கு உரிமை இல்லையா என்று சிலர் வாதிக்கிறார்கள். சட்டப்படி உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்குப் 'பத்திரிகைச் சுதந்திரம்' என்று பெயர் வைத்து வாசகனை ஏமாற்ற வேண்டாம் என்றுதான் நாம் சொல்கிறோம். அச்சு யந்திரத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் இருக்கும் சுதந்திரம் சொத்துரிமை. ஹெர்ப்ளாக் அனுபவித்தது வேறு. அது எழுதுகிறவனும் வரைகிறவனும் படிக்கிறவனும் சேர்ந்து, சொத்துரிமையின் கையிலிருந்து பிடுங்கி எடுத்த இடம். பிடி தளர்ந்தால் அந்த இடம் திரும்பவும் சொத்துக்காரரிடமே போகும். அதுதான் நடந்தது.

வாசகர்கள் சந்தாவை நிறுத்தினார்களே, அது போதாதா? கோபம் நியாயமானது. ஆனால் பத்திரிகையை நம்பிப் பிழைக்காத கோடீசுவரருக்கு இரண்டரை லட்சம் சந்தா ஒரு பெரிய நஷ்டமன்று. அதன் அடி முதலில் விழுவது நிருபர் மீதும் அச்சுத் தொழிலாளி மீதும்தான். 1952-ல் பலித்த ஆயுதம் 2025-ல் ஏன் மழுங்கிற்று என்பதற்கு இதுவே காரணம். பத்திரிகைத் தொழிலாளர் சங்கம் பலமாக இருக்க வேண்டும். ஒரு முதலாளியின் கதவு அடைபட்டால் படம் வெளிவர வேறு கதவுகள் இருக்க வேண்டும். அந்தக் கதவுகளை வாசகரின் காசு திறந்து வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேராமல் தனிமனிதனின் துணிவு மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

இன்னொரு பாடமும் உண்டு. அது முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு மட்டும் உரியதன்று. தன் தலையங்கத்தோடு முரண்படும் படத்தைத் தன் பக்கத்திலேயே வெளியிடும் பத்திரிகைதான் வாசகனின் நம்பிக்கையைப் பெறும். எதிரியை மட்டும் கேலி செய்யத் தெரிந்த தூரிகை பாதித் தூரிகை. உழைக்கும் மக்களுக்காக நடத்தப்படும் பத்திரிகைகளும் சங்கங்களும் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தன் தலைவரைப் பார்த்துச் சிரிக்கத் தொண்டனுக்கு உரிமை உள்ள இயக்கம் தவறான பாதையில் நெடுந்தூரம் போகாது.

ஹெர்ப்ளாக்குக்கு நினைவு மண்டபம் தேவையில்லை. அவருடைய படங்களை நூலகம் காக்கும். அவர் தார்ப் பீப்பாயின் மேல் எழுதிய சொல்லை அகராதி காக்கும். அவர் வென்றெடுத்த அந்த உரிமையை, சொந்தக்காரர் யாரானாலும் அவரையும் வரையலாம் என்ற உரிமையை, எந்த நூலகத்தாலும் காக்க முடியாது. எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அச்சடிக்கிறவர்களும் படிக்கிறவர்களும்தான் அதைக் காக்க வேண்டும். எந்த நாட்டிலானாலும், எந்த மொழியிலானாலும், ஒரு கேலிச்சித்திரம் நிறுத்தப்பட்டது என்று கேள்விப்பட்டால், படம் எங்கே என்று முதலில் கேட்கிறவர்கள் நாமாக இருப்போம்.